புத்தேயோலியில் ஏழு நாள்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் நடபடிகள் 28:11–31

கர்த்தருக்குள் பிரியமான சபையாரே,



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் ஒரு குடும்பத்தார் ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, அதன்மேல் ஜெபித்துத் தரும்படி கேட்டார்கள். வருகிற கோடை விடுமுறையில் அவர்கள் இத்தாலிக்குப் போகிறார்கள். வளைகுடாவில் வேலை செய்கிற மகன் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார். தகப்பன், தாய், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் என ஆறு பேர். மொத்தம் பத்து நாள். அந்தத் தாளில் ரோம், அசிசி, புளோரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான் என்று ஆறு பட்டணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. தாயாருக்கு எழுபது வயது. முழங்கால் வலியினால் திருவிருந்தை நின்றபடியே பெற்றுக்கொள்கிறவர்.

நான் ஜெபித்துக் கொடுத்தேன். ஆனால் என் உள்ளத்தில் இருந்ததை அப்பொழுது சொல்லவில்லை. மறுநாள் அவர்கள் வீட்டிற்குப் போய்ச் சொன்னேன். அதை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது என்பதால், அவர்களுடைய சம்மதத்தோடு இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன். நான் சொன்னது இவ்வளவுதான்: போய் வாருங்கள், ஆனால் ஆறு பட்டணங்களை இரண்டாகக் குறையுங்கள்.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நம் குமரி மாவட்டத்திற்கு இத்தாலி அந்நிய தேசமல்ல. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டபிள்ளைக்கு 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் கொடுத்து, தேவசகாயம் என்று பெயரிட்டவர் புத்தாரி என்னும் இத்தாலியக் குருவானவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அந்தத் தேவசகாயம், 2022 மே 15 அன்று ரோமில் புனித பேதுரு சதுக்கத்தில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த நாளைக் காண நம் மாவட்டத்துக் கத்தோலிக்க சகோதரர்கள் பலர் அங்கே சென்றார்கள். அதற்குப் பிறகுதான் நம் பகுதியில் ‘ரோம் போய்வருதல்’ என்பது ஆயர்களும் குருவானவர்களும் மட்டுமே செய்கிற காரியம் என்ற நினைப்பு மாறி, சாதாரணக் குடும்பங்களும் பேசுகிற காரியமாயிற்று. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நம் ஊரிலுமுள்ள பயண ஏற்பாட்டாளர்களின் துண்டுப் பிரசுரங்கள் இப்போது நம் ஆலய வாசல்வரை வருகின்றன. ‘பத்து நாளில் எட்டு நகரங்கள்’ என்று அவற்றில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எத்தனை ஊர் என்பதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். நாமும் அதைத்தான் வாங்குகிறோம்.

இப்பொழுது தியானப் பகுதிக்கு வாருங்கள். பல பட்டணங்களைத் தொட்டுச் சென்ற ஓர் இத்தாலியப் பயணத்தின் குறிப்பு வேதத்திலேயே இருக்கிறது. அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். பயணத் திட்டமாக அதை நாம் கவனித்ததில்லை.

பவுல் கப்பற்சேதத்தில் தப்பி, மெலித்தா தீவில் மூன்று மாதம் தங்கி, அலெக்சந்திரியாக் கப்பல் ஒன்றில் புறப்படுகிறார். சீரகூசாவில் மூன்று நாள் தங்குகிறார்கள். அங்கிருந்து ரேகியு. மறுநாள் தென்றல் வீசவே, அடுத்த நாள் புத்தேயோலி. அங்கே சகோதரர் இருக்கிறார்கள். தங்களோடு இருக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். ஏழு நாள் தங்குகிறார்கள். பிறகு தரைவழியாய் ரோமாபுரி. அங்கே வாடகை வீட்டில் முழுமையாக இரண்டு வருஷம்.

இந்தப் பட்டியலில் என்ன இல்லை என்று பாருங்கள். சீரகூசாவில் அப்பொழுதே பல நூற்றாண்டுகள் பழமையான கிரேக்க அரங்கம் இருந்தது. புத்தேயோலி எகிப்தின் தானியக் கப்பல்கள் வந்து நிற்கும் பெரிய துறைமுகம். லூக்கா கல்வியுள்ளவர், கண் திறந்து பார்க்கிறவர். கப்பலின் முன்புறத்தில் இருந்த அடையாளச் சின்னம் எது என்பதைக்கூட எழுதிவைத்தவர். ஆனால் இந்தப் பட்டணங்களில் எதைக் கண்டோம் என்று அவர் ஒரு வரியும் எழுதவில்லை. எங்கே தங்கினோம், எத்தனை நாள் தங்கினோம், யார் எதிர்கொண்டு வந்தார்கள் என்பவற்றையே எழுதினார்.

எதிர்கொண்டு வந்தவர்கள் எவ்வளவு தூரம் வந்தார்கள் தெரியுமா? மூன்று சத்திரம் என்ற இடம் ரோமாபுரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அப்பியுபுரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளையைக் கூட்டிவர நாம் கார் பிடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையத்திற்குப் போகிறோம் அல்லவா? அந்தத் தூரத்தைக் கடந்து, கைதியாக வருகிற ஒருவரைக் காண வந்தார்கள். அவர்களைக் கண்டபோதுதான் பவுல் தைரியமடைந்தார் என்று வேதம் சொல்லுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பவுல் நூற்றுக்கு அதிபதியின் காவலில் இருந்த கைதி. அந்தக் கைதிக்கே புத்தேயோலியில் ஏழு நாள் கிடைத்தது. நம்முடைய கடவுச்சீட்டும் நம்முடைய பணமும் நம் கையில் இருந்தும், நாம் ஓர் ஊரில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்குவதற்கு நமக்கே அனுமதி கொடுப்பதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். இது ஆவிக்குரிய காரியம் மட்டுமல்ல, எளிய கூட்டல் கழித்தலும்தான்.

பத்து நாளில் போவதற்கும் வருவதற்கும் இரண்டு நாள் கழித்துவிடுங்கள். மீதி எட்டு. ஆறு பட்டணங்கள் என்றால் ஐந்து முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளை விழுங்கும். காலையில் பெட்டி கட்ட வேண்டும். அறையை ஒப்படைக்க வேண்டும். ரயில் நிலையம் போக வேண்டும். பயணம் செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும், அதுவரை பெட்டிகளோடு காத்திருக்க வேண்டும். ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான் என்று துண்டுப் பிரசுரம் சொல்லும். அது உண்மை. ஆனால் ஆறு பேர், எட்டுப் பெட்டிகள், முழங்கால் வலியுள்ள ஒரு தாய், வழியில் தண்ணீர் கேட்கும் இரண்டு பிள்ளைகள் என்றால் அந்த ஒன்றரை மணி நேரம் ஐந்து மணி நேரமாகிவிடும். ஐந்து இடமாற்றத்திற்கு இரண்டரை நாள் போயிற்று. மீதி ஐந்தரை நாள். ஆறு பட்டணங்களுக்கு ஐந்தரை நாள். ஒரு பட்டணத்திற்கு முழுதாக ஒரு பகல்கூட இல்லை.

பேருந்தில் கூட்டமாகச் சென்றால் இடம் மாறும் தொல்லை இல்லையே என்பீர்கள். பேருந்துக் குழுக்களுக்குப் பெரும்பாலும் நகரத்திற்கு வெளியேதான் விடுதி கொடுக்கிறார்கள். மேலும் ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும்; ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம், அதற்குமேல் ஓட்டக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஊர்கள் கூடும்போது அந்தச் சட்டம் யாருடைய நேரத்தைக் குறைக்கும்? நம்முடைய நேரத்தைத்தான்.

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு மனமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்தின் பல சபைகளிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இத்தாலிக்குப் போனோம். குழுவுக்கு ஆவிக்குரிய வழிநடத்துதல் என் பொறுப்பு. ஏற்பாட்டாளர் முதலில் நான்கு ஊர்களைத்தான் திட்டமிட்டிருந்தார். ‘இதே பணத்தில் இன்னும் இரண்டு ஊர் சேர்க்க முடியாதா’ என்று கேட்டவன் நான். அவர் சேர்த்துக் கொடுத்தார். குழுவினர் எனக்கு நன்றி சொன்னார்கள். நானும் அதில் மகிழ்ந்தேன்.

அந்தக் குழுவில் ஒரு முதியவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தவர். அவருடைய மனைவி முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவர். ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைச் சிறுபிள்ளைகளுக்கு மனப்பாடமாய்ச் சொல்லிக்கொடுப்பது அந்த அம்மாளின் வழக்கம். அவர் மரித்து ஓராண்டு ஆகியிருந்தது. பிள்ளைகள் பணம் கட்டித் தகப்பனை அனுப்பினார்கள். அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பவுலின் கல்லறை இருக்கிற ஆலயத்தில் உட்கார்ந்து, மனைவியின் வேதாகமத்திலிருந்து அந்த எட்டாம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். மொத்தம் 39 வசனங்கள். அவர் எழுத்துக்கூட்டி மெல்ல வாசிக்கிறவர்.

ரோம் நகரின் பழைய மதிலுக்கு வெளியே அந்த ஆலயம் இருக்கிறது. பலிபீடத்தின் கீழே கல்லறை. அதிலிருந்த எலும்புத் துணுக்குகள் முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வில் தெரியவந்ததாக 2009-இல் அன்றைய போப் பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தார். அந்த இடத்திற்கு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 40 நிமிடம். பேருந்திலிருந்து இறங்கி, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, தூண்கள் சூழ்ந்த முற்றத்தைத் தாண்டி, அந்த நீண்ட ஆலயத்தின் உட்புறம் நடந்து கல்லறையண்டை சேர அவருக்கு இருபது நிமிடத்திற்கு மேலாயிற்று. உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். வாசிக்கத் தொடங்கினார். பதினேழாம் வசனம் முடிந்தபோது வழிகாட்டி கொடியை உயர்த்தினார். ஓட்டுநரின் நேரம் முடிகிறது, இப்போது புறப்பட்டால்தான் அடுத்த இடம் என்றார்கள். ஒருவர் போய் அவரை எழுப்ப வேண்டும். நான் போய் அவருடைய தோளைத் தொட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, “பரவாயில்ல போதகரய்யா, மிச்சத்த வீட்டுக்குப் போய் வாசிச்சுக்கிடுதேன்” என்று சொல்லி வேதாகமத்தை மூடினார்.

மறுநாள் நெடுநேரப் பயணத்திற்குப் பின் பீசாவில் இறங்கினோம். நான் சேர்க்கச் சொன்ன இரண்டு ஊர்களில் அது ஒன்று. சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிறதுபோல் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். அந்த முதியவர் பேருந்தைவிட்டு இறங்கவில்லை. கால் வீங்கியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் பிள்ளைகள் என்னிடம் ரோமர் எட்டாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். நான் பதினெட்டாம் வசனத்திலிருந்து வாசித்தேன். ஏன் நடுவிலிருந்து தொடங்கினேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்லுகிறேன்.

ஆகையால் சபையாரே, பயணத் திட்டம் என்பது ஊர்களின் பட்டியல் என்று எண்ணாதிருங்கள். கர்த்தர் நமக்குத் தந்த நேரத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்கிற தீர்மானம் அது. ஊர்களின் எண்ணிக்கை கூடக்கூட, குழுவில் பலவீனராயிருக்கிறவருடைய பங்குதான் முதலில் எடுக்கப்படுகிறது. வாலிபர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். முதியவரும் குழந்தையும் நோயுற்றவரும் பேருந்தில் காத்திருப்பார்கள். பிறகு நாம், ‘அம்மாவையும் இத்தாலிக்கு அழைத்துப் போனோம்’ என்று சொல்லிக்கொள்வோம்.

இதற்கு மறுமொழியாக நீங்கள் சொல்லக்கூடியவற்றை நான் அறிவேன்.

‘வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் போகிறோம்; விமானச்சீட்டுக்கும் விசாவுக்கும் இவ்வளவு செலவு செய்தபின் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா’ என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதே காரணத்தினால்தான் நான் குறைக்கச் சொல்லுகிறேன். ஒரே முறை கிடைக்கிற விருந்தில் ஆறு இலைகளில் கைநனைத்துவிட்டு எழுந்திருப்பதா, ஓர் இலையில் உட்கார்ந்து பாயசம்வரை உண்பதா? இத்தாலி முழுவதையும் பத்து நாளில் பார்த்துவிட ஒருவராலும் ஆகாது. எட்டு ஊர் பார்த்தவரும் எண்பது ஊரை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

‘கால் பலமுள்ள இளம் தம்பதிகளுக்கும் இதே சட்டமா’ என்று கேட்பீர்கள். சட்டமாக நான் சொல்லவில்லை. இரண்டு பேர், முதுகில் ஆளுக்கொரு பை, நல்ல ஆரோக்கியம் என்றால் நான்கு ஊர் போகலாம். கர்த்தர் தந்த பெலனில் நடந்து பாருங்கள். ஆனால் முதியவரும் குழந்தைகளும் சேர்ந்த குடும்பத்திற்கு, ஓர் ஊரில் மூன்று இரவுக்குக் குறையாமல் தங்குங்கள் என்பதே என் திடமான ஆலோசனை.

‘இந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே’ என்றும் சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும்; அடுத்தவர் பயணத்தைப் பார்த்துக் கேட்க வேண்டாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுகிறேன். நகையை அடகு வைத்தும், சீட்டைத் தள்ளி எடுத்தும், கடன் வாங்கியும் போகாதிருங்கள். அடுத்த வீட்டார் போனார்கள் என்பதற்காகவும் போகாதிருங்கள். திரும்பி வந்து மூன்று வருஷம் வட்டி கட்டுகிற பயணத்தில் இளைப்பாறுதல் ஏது?

அந்தக் குடும்பத்தாரிடம் இவற்றையெல்லாம் சொன்னபின், ‘அம்மா எதைப் பார்க்க விரும்புகிறார்கள்’ என்று கேட்டேன். மகன் தாயின் முகத்தைப் பார்த்தார். ஆறு ஊரைத் திட்டமிட்ட அந்த வீட்டில் யாரும் அதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை. பவுலின் கல்லறை என்றோ, ஏதேனும் ஓர் ஆலயம் என்றோ சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ சற்று வெட்கத்தோடு, “தண்ணிக்குள்ள இருக்க ஊருன்னு சின்னதில ஸ்கூல்ல சொல்லித் தந்தாவ. அதப் பாக்கணும்” என்றார். வெனிஸைத்தான் சொல்லுகிறார். அதில் என்ன தவறு? அறுபது வருஷம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆசை அது.

ஆகவே இப்போது அவர்களுடைய தாளில் இரண்டு ஊர்கள் மட்டும் இருக்கின்றன: ரோமில் ஐந்து இரவு, வெனிஸில் மூன்று இரவு. இடையே ஒரே ஒரு ரயில் பயணம், ஏறத்தாழ நான்கு மணி நேரம். ரோமில் இறங்கி வெனிஸிலிருந்தே திரும்பும்படி விமானச்சீட்டு எடுத்தால், வந்த வழியே ரோமுக்குத் திரும்பும் ஒரு பகல் மிச்சம். வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்க வேண்டும். தெருக்களில் வண்டி கிடையாது. ஆதலால் படகுத்துறைக்கு அருகிலேயே தங்குமிடம் எடுக்கும்படி சொன்னேன். பெருங்கால்வாய் வழியே செல்லும் பொதுப் படகில் அந்தத் தாயார் அமர்ந்தபடியே நகரத்தைக் காணலாம். அங்கிருந்து பதுவா நகரம் ரயிலில் அரை மணி நேரம்தான். மனமிருப்பவர்கள் ஒரு காலைப்பொழுது போய்த் திரும்பலாம். பிள்ளைகள் பீசாவுக்காகச் சற்று முகம் வாடினார்கள். அதற்கு ஈடாக ஒவ்வொரு மாலையும் ஐஸ்கிரீம் என்று தகப்பனார் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

திட்டமிடுகிற மற்றவர்களுக்கும் சில காரியங்களைச் சொல்லிவைக்கிறேன். இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். கடைசி வாரம்வரை காத்திராதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. பேதுரு ஆலயத்தின் குவிமாடத்திற்கு 551 படிகள். மின்தூக்கியில் பாதி வழி போனாலும் 320 படி ஏறவேண்டும். முதியவர்களை அதற்கு வற்புறுத்தாதீர்கள். அங்கே ஆலயங்களுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இவை எல்லாவற்றிலும் முக்கியமாக, திட்டத்தில் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். அந்த நாளில் என்ன என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுங்கள். ஓய்வுநாளை உண்டாக்கின தேவன் அதைப் புரிந்துகொள்வார்.

ரோமில் நீங்கள் நின்று தங்கினால், குழுக்கள் அவசரத்தில் விட்டுவிடுகிற ஓர் இடத்தையும் காணலாம். நகரின் நடுவே ஜெசு என்று அழைக்கப்படும் இயேசு சபையாரின் ஆலயம் இருக்கிறது. பிரான்சிஸ் சவேரியாரின் வலது முன்கை அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. 1540-இல் ரோமைவிட்டுப் புறப்பட்டு, 1542-இல் கோவா சேர்ந்து, பின்பு நம் கடற்கரைக் கிராமங்களில் நடந்து, ஆயிரமாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை. அந்த வழக்கங்களில் நாம் அவர்களோடு ஒத்துப்போகாதவர்களாயிருக்கலாம். ஆனாலும் கோட்டாறு ஆலயத்தைத் தினந்தோறும் கடந்து போகிற நாகர்கோவில்காரர் ஒருவர், அந்தக் கையின் முன் நிற்கும்போது, எத்தனை ஊர் பார்த்தார் என்பதற்காக அவரை நம் ஜனம் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதை உணருவார். அவர் நம் கரையில் தங்கினார், அதனால் நினைக்கப்படுகிறார். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயரையும் நாம் அதற்காகவே நினைக்கிறோம்.

மயிலாடியைச் சொன்னதால் இன்னொன்று. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மயிலாடி ஆலயத்தைக் காட்டியிருக்கிறோம்? காற்றாடிமலைக்கு எத்தனை பேரை அழைத்துப் போயிருக்கிறோம்? இவற்றைக் காண விசா வேண்டாம்; ஒரு சனிக்கிழமை போதும். இத்தாலிக்குப் போக வசதியில்லாதவர்கள் குறைவுபட்டவர்கள் அல்லர். போகிறவர்கள் அந்த எண்ணத்தை உண்டாக்காதபடி, மணிக்கொரு படம் அனுப்புவதைத் தவிர்த்து, நம் சபையின் படுக்கையிலிருக்கிற நோயாளிகளின் பெயர்களை எழுதி எடுத்துப் போங்கள். பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் பெயர்கள்தானே. அங்கே அவர்களை ஒவ்வொருவராய் நினைத்து ஜெபியுங்கள். திரும்பி வந்தபின் அவர்களுடைய வீட்டிற்குப் போய், ‘உங்கள் பெயரை அங்கே சொன்னேன்’ என்று சொல்லுங்கள்.

புறப்படுமுன் உங்கள் திட்டத்தைக் கையிலெடுத்து, உங்கள் குடும்பத்தில் மெதுவாய் நடக்கிறவரிடம், ‘நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்’ என்று கேளுங்கள். அவர் சொல்லுகிற ஊரை முதலில் எழுதுங்கள். அங்கே அவருக்குப் போதுமான நாட்களைக் கொடுங்கள். அதற்குமேல் நாள் மீந்தால் அடுத்த ஊரைச் சேருங்கள். அவர் தம்முடைய அதிகாரத்தைக் கடைசி வசனம்வரை வாசித்து முடிக்கட்டும், பேருந்து காத்திருக்கட்டும்.

ஜெபம்: எங்கள் போக்கையும் வரத்தையும் அறிந்திருக்கிற ஆண்டவரே, நீர் தந்த நாட்களை ஊர்களால் நிரப்பி, உடன்வருகிறவரை மறந்துபோன எங்களை மன்னியும். பயணம் போகிற எங்கள் குடும்பங்களைப் பாதுகாத்தருளும். மெதுவாய் நடக்கிறவர்களோடு நடக்க எங்களுக்குப் பொறுமையைத் தாரும். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் உமது சமுகத்தின் இளைப்பாறுதலைத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவுக்குள்
உங்கள் அன்பின் போதகர்